ஈட்டி பிடித்தவனுக்கு என்ன வேலை?

மே 3, 2023

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டது இது: "பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகமும் பார்த்தாச்சு. பெரிய ஆளுங்க ஆறேழு பேரை விட்டா மத்தவங்க எல்லாம் வந்து நின்னுட்டுப் போறாங்க. சேந்தன் அமுதன் எதுக்கு, வானதி எதுக்கு? மணிமேகலையைக் காணவே காணோம். சரித்திரப் படம்னாலே சின்னப் பாத்திரம் இப்படித்தானா? இல்ல, நேரம் போதலையா?"

மே 3, இரவு

நேரம் போதவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்கி 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகத்தை இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டும். மணிமேகலையை அடியோடு எடுத்ததைக்கூட நான் நியாயமான வெட்டு என்றுதான் சொல்வேன். நாவல் முடிவதே அவள் சாவில். அந்தச் சாவைத் தாங்குகிற அளவுக்கு அவளை வளர்க்க இடம் இல்லையென்றால் கூப்பிடாமல் இருப்பது மரியாதை. என் கோபம் வெட்டுப்பட்டவர்களைப் பற்றியது இல்லை. கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து இலை போடாமல் அனுப்பினார்களே, அவர்களைப் பற்றியது.

சேந்தன் அமுதனையே எடுங்கள். நாவலில் அவன் தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொண்டு செய்கிற பையன். ஊமைத் தாயோடு நந்தவனத்துக் குடிசையில் இருப்பவன். கடைசியில் அவன்தான் முன்னாள் சோழ அரசர் கண்டராதித்தர் மகன் என்று தெரிந்து அவனுக்கே பட்டம். படத்தில், கண்டராதித்தர் மகனாக வளர்ந்த மதுராந்தகர் மதுராந்தகராகவே இருந்து பட்டத்துக்கு வருகிறார். திரைக்கதை எழுதியவர்களுக்கு அந்த உரிமை உண்டு, சரி. ஆனால் ராஜா வேலை கைவிட்டுப் போன பிறகு அமுதனுக்கு மிச்சம் இருந்தது பூக்குடலைதான். அதை வைத்தே ஆளை நிறுத்தியிருக்கலாம்.

மே 4, 2023

இன்னும் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னப் பாத்திரத்துக்குப் பின்கதை வேண்டாம். அப்பா யார், காதலி யார், சின்ன வயதில் என்ன நடந்தது, எதுவும் வேண்டாம். வேலை வேண்டும். ஈட்டி பிடித்தவனுக்கு ஈட்டியைப் பிடிப்பதைத் தவிர ஒரு வேலை.

மே 4, மாலை

'நீங்கள் என்ன சினிமா ஆளா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மைக் செட் வாடகைத் தொழில். பாபநாசம், அய்யம்பேட்டை, திருவையாறு சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா, காதுகுத்து, நாடகம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். ஆம்பிளிபையர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மேடை முன்னாலிருந்து தெரியாது, பக்கவாட்டில் தெரியும். பக்கவாட்டில் பார்ப்பவனுக்கு ராஜாவைவிட ராஜாவுக்குப் பின்னால் நிற்பவன்தான் கண்ணில் படுவான்.

நாடகத்துக்கு மேடையின் குறுக்கே கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிடுவோம். நடுவில் ராஜபார்ட்டுக்கு ஒன்று, பக்கத்தில் ஸ்திரீபார்ட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. பபூன் சண்டை போட்டாவது தனக்கு ஒன்று வாங்கிவிடுவார். காவலன் நிற்கிற மூலைக்கு மைக் கிடையாது. "அப்படியே ஆகட்டும் மன்னா" என்று அவன் சொல்வது முதல் வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற பிள்ளைகளுக்குக்கூட எட்டாது.

ஒருமுறை எங்கள் பக்கத்துக் கிராமத்தில் அரிச்சந்திரா. காவலன் வேஷம் கட்டியவர் உள்ளூர்க்காரர், பகலில் டிராக்டர் ஓட்டுகிறவர். மூலைக்கு மைக் இல்லை என்று தெரிந்ததும் பேச்சையே விட்டுவிட்டார். ராஜபார்ட் நீளமாக ஒரு விருத்தம் எடுத்தார். இவர் ஈட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். அப்புறம் ஒரு காலைத் தூக்கி மறு காலின் கொசுவைத் தேய்த்தார். கொட்டாவி வந்தது, ஈட்டியின் தலைப்பால் வாயை மறைத்தார். ராஜா திரும்பியதும் விறைத்து நின்றார். ராஜா அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி தளர்ந்தார். கூட்டம் ராஜபார்ட்டை விட்டுவிட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் திட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "இதையே செய்யிடா, ஆனா பாட்டு முடிஞ்சப்புறம் செய்யி."

மே 8, 2023

ஏழூர் பல்லக்குக்காக வேலை நெருக்கடி, அதனால் இந்தப் பக்கம் வரவில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சித்திரை விசாகத்தை ஒட்டித் திருவையாற்று ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்புவார். வழியில் ஆறு கடக்க வேண்டும். பாலத்தில் இல்லை, மணலில்.

இந்தத் தடவை நான் சாமியைப் பார்க்கவில்லை, தூக்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விவாதம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். மணலில் இறங்கியதும் முன்தண்டுக்காரர்களுக்குக் கால் புதைகிறது, பல்லக்கு முன்னால் சாய்கிறது, உடனே பின்தண்டுக்காரர்கள் முழங்காலை மடக்கித் தண்டைத் தாழ்த்துகிறார்கள். யாரும் கத்திச் சொல்லவில்லை. தெரு முனை திரும்பும்போது உள்பக்கம் இருக்கிறவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறான். வெளிப்பக்கம் இருக்கிறவன் ஓடுகிறான். தோளில் துண்டை மடித்து வைத்திருந்தாலும் தண்டு அழுத்திய இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. நிறுத்தும் இடத்தில் முட்டுக்கட்டை கொடுத்ததும் எல்லாரும் ஒரே மாதிரி கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்குகிறார்கள்.

சரித்திரப் படங்களில் பல்லக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். திரைச்சீலை அசையும், உள்ளே இருக்கிற அழகான கை தெரியும், தூக்குகிறவர்கள் உள்ளே ஆளே இல்லாத மாதிரி நடப்பார்கள். ஆளே இல்லாமல்தான் எடுத்திருப்பார்கள். நாவலில் பனைமரக் கொடி போட்ட பழுவூர்ப் பல்லக்கை நிறுத்துவதற்காக வந்தியத்தேவன் குதிரையை வேண்டுமென்றே குறுக்கே விட்டுவிட்டு, பல்லக்குத் தூக்கிகள் தன் குதிரையை இடித்துவிட்டார்கள் என்று கூச்சல் போடுவான். கல்கி சிரிக்க வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்தில் தூக்கிகளில் ஒருவன் "நாங்களா இடித்தோம்?" என்று ஒரு முறை முறைத்தால் போதும், எனக்கு டிக்கெட் காசு கழிந்துவிடும்.

மே 9, 2023

பாகுபலியை ஒருவர் இழுத்திருக்கிறார். அது சரித்திரம் இல்லை, இருந்தாலும் பேசுவோம். கட்டப்பா ஓர் அடிமை. அவர் ஏன் கொன்றார் என்பதை 2015இலிருந்து 2017 வரை டீக்கடைக்கு டீக்கடை கேட்டோம். அதே படத்தில் பல்லாளதேவனுக்கு வளர்ந்த மகன் இருக்கிறான், மனைவி யார் என்று யாருக்கும் தெரியாது. முதல் பாகத்தில் சுதீப் அஸ்லம் கானாக வந்து, தேவைப்பட்டால் உதவுவேன் என்று கட்டப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தேவை இரண்டாம் பாகம் முழுக்க இருந்தது. அவர்தான் வரவில்லை. வழியில் வண்டி பஞ்சர் போலிருக்கிறது.

மே 11, 2023

திருவாரூரிலிருந்து ஓர் அம்மா நன்றாக மடக்கிவிட்டார்: "வேலை வேலைங்கிறீங்களே, பூங்குழலிக்கு வேலை இருக்கே? படகு ஓட்டுறா. அப்புறமும் ஏன் ரெண்டாவது பாகத்துல அவ மனசுல நிக்கல?"

ராத்திரி முழுக்க யோசித்தேன். முதல் பாகத்தில் பூங்குழலி நிற்கிறாள். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் போக வந்தியத்தேவனுக்கு அவளை விட்டால் வேறு வழி இல்லை. துடுப்பு அவள் கையில், கதையும் அவள் கையில். கரை சேர்ந்ததும் கதை குதிரை ஏறிவிடுகிறது. அவளுக்குப் படகு ஓட்டத் தெரிவதால் இனி யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அதனால் மே 4இல் சொன்னதை இறுக்குகிறேன். வேலை இருந்தால் மட்டும் போதாது. அவன் வேலையை நிறுத்தினால் பெரியவர்கள் கதையும் நிற்க வேண்டும். டிராக்டர்க்காரர் செய்தது ரசமாக இருந்தது, ஆனால் அவர் இறங்கிப் போயிருந்தாலும் அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போயிருப்பான். அதனால்தான் வாத்தியார் பாட்டுக்கு அப்புறம் தள்ளிவைத்தார்.

தருமியைப் பாருங்கள். திருவிளையாடல், 1965, ஏ.பி. நாகராஜன். பாண்டியன் சபை, சிவாஜி, நக்கீரர் என்று எல்லாம் பெரிய தலைகள். நடுவில் நாகேஷ், கிழிந்த வேட்டிப் புலவர். அவருக்குப் பின்கதை உண்டா? வீடு எங்கே, பெண்டாட்டி யார், ஒன்றும் தெரியாது. ஆயிரம் பொன் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை மட்டும் இல்லையென்றால் பாட்டு சபைக்கு வராது, குற்றம் கண்டுபிடிக்க முடியாது, நெற்றிக்கண் திறக்காது. இறைவனே ஓர் ஏழைப் புலவனின் பணமுடையை நம்பி நிற்கிறார். படத்தில் எவ்வளவு நேரம் வருகிறார் என்று கணக்குப் பார்த்தால் சொற்பம். இன்றைக்கும் மைக் டெஸ்டிங் என்றால் எங்கள் பையன்கள் தருமி மாதிரிதான் பேசிப் பார்க்கிறார்கள்.

மே 12, 2023

அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல விட்டுவிட்டது. அக்கா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் பல்லக்கைத் தூக்கிக்கொண்டே சுற்றியிருப்பேன்.

மே 23, 2023

சிலர் சொல்கிறார்கள்: சரித்திரத்தில் ராஜாக்கள் பெயர்தான் இருக்கிறது, சின்ன ஆட்களுக்கு ஆதாரம் எங்கே, கற்பனையாகத்தான் எழுத வேண்டும், அதனால் மெலிந்துபோகிறார்கள் என்று.

தம்பிகளா, வந்தியத்தேவன் யார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையைச் சொல்லும்போது, வல்லவரையர் வந்தியதேவர் மனைவி என்று வருகிறது. அக்கா பெயருக்கு முன்னால் அடைமொழியாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு கணவர். இவ்வளவு தம்மாத்துண்டு ஆளைக் குதிரை மேல் ஏற்றி வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்திக் கதையைத் தொடங்கினார் கல்கி. ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேலை. ஓலை போய்ச் சேராவிட்டால் எதுவும் நடக்காது. நாவலின் கதாநாயகனே ஓர் உதிரிப் பாத்திரம்தான்.

அப்புறம் உடையார்குடி. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி அவர்கள் சொத்து பறிமுதலானதைப் பேசுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம் இருக்கிறது. பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பட்டம் அது. படத்திலும் நாவலிலும் இவர்கள் பாண்டியனின் ஆபத்துதவிகள், அதாவது அரசனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதம் எடுத்தவர்கள். காட்டில் தீ மூட்டி, வாள் மேல் சத்தியம் செய்து, கண்ணை உருட்டுகிறவர்கள். கல்வெட்டைப் படித்தால் அரசாங்கத்தில் உட்கார்ந்திருந்த உத்தியோகஸ்தர்களாகத் தெரிகிறார்கள்.

எனக்கு அவர்கள்கூட முக்கியம் இல்லை. கல்வெட்டு அதற்கு மேலும் போகிறது. சொத்து பறிபோனது கொன்றவர்களுக்கு மட்டும் இல்லை. தம்பிமார், மக்கள், பெண்டாட்டிமார், மாமன்மார், கூடப்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு உண்டான உறவு மொத்தமும் வரிசையாக வருகிறது. இதில் அந்த மருமகனை நினைத்துப் பாருங்கள். பெண் எடுத்தான். நல்ல இடம், மாமனார் பெரிய உத்தியோகம், பட்டம் வாங்கியவர் என்று ஊரே சொல்லியிருக்கும். திடீரென்று ஒருநாள் சபையார் வந்து நிலத்தை அளக்கிறார்கள். மாமனார் கொலை செய்தாரா இல்லையா என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. நடவு நட்ட வயலாக இருந்தால்? பயிர் யாருக்கு? பெண்டாட்டியிடம் அன்றைக்கு ராத்திரி அவன் என்ன பேசியிருப்பான்?

ஒரு பெயர் இல்லை, முகம் இல்லை, 'வேட்டார்' என்று ஒரு சொல்தான் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி எடுக்கிற அடுத்த படத்தை நான் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குவேன்.

மே 24, 2023

"அந்த மருமகனை யார் பார்ப்பாங்க? படம் நாலு நாள்கூட ஓடாது" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் மருமகன்களைத் திரட்டினாலே முதல் வாரம் ஹவுஸ்புல்.

மே 24, பிற்பகல்

விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். பெரிய கோயில் கல்வெட்டின் தொடக்கத்தில் ராஜராஜன் சொல்கிற இடம் பலருக்கும் தெரிந்ததுதான். நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லில் வெட்டுக என்று. சொன்னபடி வெட்டியும் இருக்கிறார்கள். பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடுகிறவர்கள்) 400 பேர். ஒவ்வொருத்திக்கும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், என்ன பெயர் என்று எழுதி, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று முடிகிறது. அப்புறம் நட்டுவம், வாத்தியம், கணக்கு, குடை பிடிக்கிறவர், விளக்கு, வண்ணார், நாவிதர், தையல், தச்சு, கன்னார் என்று போகிறது. குடை பிடித்தவனுக்கும் பங்கு உண்டு. கோயில் கட்டிய தச்சன் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்று ராஜாவின் பெயரையே பட்டமாகப் போட்டிருக்கிறது.

ஆதாரம் இல்லை என்று சொல்கிறவர்கள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வந்து வெளிச் சுவரைச் சுற்றினால் போதும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல் அங்கே வெயிலில் காய்கிறது. சினிமாவில் 400 பெண்கள் வந்தால் பாட்டில் பின்னால் ஆடுகிறார்கள். கல்லில் அவர்களுக்குக் கதவு எண் இருக்கிறது.

ஜூன் 13, 2023

நேற்று மேட்டூர் திறந்தாகிவிட்டது. எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் நாளாகும். வந்ததும் குறுவைக்காரர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள், அதற்கு முன்னால் ஒரு சண்டையை முடித்துவிடுவோம்.

படத்தில் காவிரியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், எனக்கும் அந்தக் குறை உண்டு. தாய்லாந்து, ஓர்ச்சா, ஹைதராபாத் என்று எடுத்தார்கள். கேமராவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது களிமண் தேசம். மலை கிடையாது, பாறை கிடையாது. பிள்ளைகள் கல்லெறிய வேண்டுமென்றாலும் ரயில் தண்டவாளத்துக்குப் போக வேண்டும். பெரிய கோயிலுக்கான கல் முழுக்க வெளியிலிருந்து வந்தது. வந்தியத்தேவன் போகிற வழியில் கரை, மதகு, மூங்கில் பாலம், சேறு, நாணல் இதெல்லாம்தான் இருந்திருக்கும். குதிரை சேற்றில் எப்படி நடக்கும் என்று தெரிந்த குதிரைக்காரன் ஒருவன் வேண்டும். பாறையில் எடுத்ததால் அந்த ஆளுக்கு வேலை போச்சு. கொள்ளிடத்தில் ஓடக்காரனுக்கு வேலை போச்சு. கரை உடையாமல் ராத்திரி முழுக்கக் காவல் காக்கிறவனுக்கு வேலை போச்சு. நிலத்தை மாற்றினால் முதலில் காணாமல் போவது இவர்கள்தான். ராஜாவுக்கு எந்த ஊரிலும் அரண்மனை போட்டுவிடலாம்.

ஜூன் 14, 2023

யாத்திசையைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. பார்த்தேன். ஏப்ரலில் பொன்னியின் செல்வன் இரண்டுக்குச் சற்று முன்னால் வந்து அந்தப் பெருங்கூட்டத்தில் மாட்டிக்கொண்ட படம். சின்னப் பட்ஜெட் என்பது தெரிகிறது, சண்டை கொஞ்சம் நீளம். ஆனால் ரணதீர பாண்டியனை விட்டுவிட்டு எயினர் என்கிற பழங்குடிக் கூட்டத்தோடு கதை போகிறது. படைவீரர்கள் பசித்த முகத்தோடு இருக்கிறார்கள். பழைய தமிழில் பேசுகிறார்கள், கீழே நம் தமிழில் எழுத்து ஓடுகிறது. எங்கள் கடைப் பையன் பாதியில் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை.

ஜூலை 2, 2023

மன்னார்குடித் தம்பி திரும்ப வந்து, "வானதிக்கு என்ன வேலை கொடுப்பீங்க?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி, எனக்குச் சரியான பதில் இல்லை. நாவலில் அவள் இளவரசர் அருள்மொழியைக் காதலிக்கிற பயந்த பெண், அடிக்கடி மயங்கி விழுகிறவள். ஆனால் சோழ சிம்மாசனத்தில் உட்கார மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். சபதம் வேலை ஆகுமா? ஆகும் என்றுதான் தோன்றுகிறது. எல்லாரும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்கிற கதையில் ஒரு பெண் வேண்டாம் என்கிறாள் என்றால், இளவரசர் பட்டம் ஏறுவதையே யோசிக்க வேண்டியிருக்கும். படத்தில் அந்தச் சபதத்துக்கு எடை கொடுத்திருந்தால் கடைசியில் அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுப்பதற்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருப்பார்கள்.

இதுவும் முழுசாகத் திருப்தி இல்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 3, 2023

யாரும் சொல்லவில்லை. எல்லாரும் நாற்றங்காலில்.

ஆகஸ்ட் 3, 2023

ஆடிப் பதினெட்டு. படித்துறையில் காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் ஆயிற்று. எனக்கு நாலு இடத்தில் குழாய். வெயில் தணிந்த பிறகு எழுதுகிறேன்.

இவ்வளவு பேசியும் ஒருவரை நாம் மறந்துவிட்டோம். செம்பியன் மாதேவி, கண்டராதித்தர் மனைவி, மதுராந்தகரின் அம்மா. படத்தில் ஜெயசித்ரா. விபூதி பூசி, வெள்ளை உடுத்தி, மகனுக்குப் புத்தி சொல்கிற அம்மாவாக வந்துபோகிறார். இவரைச் சின்னப் பாத்திரம் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. கண்டராதித்தர் போன பிறகு எத்தனை ராஜாக்கள் வந்து போனார்கள், அத்தனை பேர் காலத்திலும் இந்த அம்மா இருந்து செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தார். நாகப்பட்டினம் பக்கத்தில் இவர் பெயரிலேயே ஊர் இருக்கிறது. கல்லே இல்லாத சீமையில் கல் கோயில்! யார் அரசன் என்று அரண்மனையில் கத்தி உருவிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இவர் கல் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

கோனேரிராசபுரம் போயிருக்கிறீர்களா? பழைய பெயர் திருநல்லம். எல்லாரும் பெரிய நடராசரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தைப் பூசை செய்வது போல ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது, புருஷன் நினைவாக இந்த அம்மா செய்வித்தது. அதே சுவரில் இன்னோர் ஆளுக்கும் சிற்பமும் எழுத்தும் உண்டு. சாத்தன் குணபத்தன். அம்மா சொல்லி இந்தக் கோயிலை எடுப்பித்தவர், அரசரண சேகரன் என்று பட்டப்பெயர். அதாவது மேஸ்திரி. ராஜா சிற்பம் இருக்கிற சுவரில் மேஸ்திரியும் இருக்கிறார்.

ஆகஸ்ட் 6, 2023

"சரி, ஒரே ஒரு காட்சி எடுக்கச் சொன்னா எதை எடுப்பீங்க?" என்று மன்னார்குடித் தம்பி கேட்டார். தயாராகத்தான் இருக்கிறேன்.

ஆடி மாதம். திருநல்லம். பாதிக் கோயில் செங்கல், பாதி கருங்கல். குணபத்தன் சாரத்தின் கீழே நிற்கிறார், கையில் ஓலை, காலில் முழங்கால் வரை சேறு. கல் ஏற்றிய வண்டிகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி இறங்கினால் அச்சு முறியும், இறங்காவிட்டால் தை வரை வேலை நிற்கும். பல்லக்கு வருகிறது, தூக்குகிறவர்கள் கரையில் வழுக்காமல் கால் பதித்துப் பதித்து வருகிறார்கள். அம்மா இறங்குகிறார். மகன் தஞ்சாவூரில் சிற்றரசர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னவோ செய்கிறான் என்ற சேதி அவருக்கும் எட்டியிருக்கிறது, ஓலை இடுப்பில் இருக்கிறது. அதைப் பிரிக்கவில்லை. முதலில் கேட்பது, "எத்தனை வண்டி?"

குணபத்தன் பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அம்மா இங்கேயே தங்கிவிடுவார், தஞ்சாவூர் கைமீறிப் போகும். பொய் சொன்னால் அம்மா தஞ்சாவூர் போய் மகனைப் பிடிப்பார், கோயில் வேலை நின்றுபோகும். சோழ நாட்டுப் பட்டம் அந்த நிமிஷத்தில் அந்த மேஸ்திரி வாயில் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. அவர் கவலை அச்சு முறியுமா முறியாதா என்பதுதான்.

இதில் சண்டைக் காட்சி எங்கே என்று தம்பி கேட்பார். வண்டிக்காரர்களுக்குக் கூலி பாக்கி வையுங்கள், சண்டை தானாக வரும்.